வழக்கு முடியுமுன் ஊழ் பேசலாமா?

சிலப்பதிகாரத்தின் கதையை நாம் கவனிக்கும் அளவுக்கு அதன் வரிசையைக் கவனிப்பதில்லை. ஊழ்வினை ஒருவனைத் தேடி வந்து தன் பயனை ஊட்டியே தீரும் என்பது அந்தக் காப்பியம் சொல்ல வந்த மூன்று உண்மைகளில் ஒன்று. கோவலன் ஏன் வெட்டுண்டான் என்பதற்கு முற்பிறவிக் காரணம் ஒன்றும் அதில் இருக்கிறது. அந்தப் பிறவியில் அவன் பெயர் பரதன். சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று அரசனிடம் காட்டிக்கொடுத்துக் கொல்வித்தான். சங்கமனின் மனைவி நீலி இட்ட சாபம் அடுத்த பிறவியில் பலித்தது. ஆனால் இந்த விளக்கம் எங்கே வருகிறது என்று பாருங்கள். வழக்குரை காதையில் அது இல்லை. ஒற்றைச் சிலம்போடு கண்ணகி பாண்டியன் அவையில் நிற்கும்போது, 'இது உன் கணவனின் பழவினை, வீடு போய்ச் சேர்' என்று சொல்ல அங்கே எவரும் வாய் திறக்கவில்லை. சிலம்பு உடைகிறது, மாணிக்கப் பரல் தெறிக்கிறது, அரசன் தன்னையே கள்வன் என்று கண்டு உயிர் விடுகிறான், நகரமும் எரிகிறது. இவ்வளவுக்கும் பிறகுதான் கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகியின் பின்புறமாகத் தயங்கித் தயங்கி வந்து பரதன் கதையைச் சொல்கிறது. ஊழை நம்பிய கவிஞர் ஊழுக்கு ஒதுக்கிய இடம் வழக்குக்குப் பின்னால்.

இலங்கையின் தேயிலை மலையில் இந்த வரிசை புரண்டுபோனது என்பதே என் வாதம். பயிர் செழித்து விலை ஏறியபோதெல்லாம் அது இன்னாரின் முயற்சி, இன்னாரின் துணிவு, இன்னாரின் மூலதனம் என்று பெயர் சொல்லப்பட்டது. விலை விழுந்தபோது பெயர்கள் மறைந்தன; உலகச் சந்தை, காலம், விதி, தலையெழுத்து என்ற சொற்கள் முன்னால் வந்து நின்றன. ஏற்றத்துக்கு எழுவாய் உண்டு, இறக்கத்துக்கு எழுவாய் இல்லை என்ற இந்த இலக்கணத்தைத் துரைமாரும் பேசினார்கள், கணக்கப்பிள்ளைமாரும் பேசினார்கள். வருந்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, கோயில் திண்ணையிலிருந்து நம் பெரியவர்களும் பேசினார்கள். ஊழ் என்ற ஒன்று உண்டா இல்லையா என்பது பெரிய கேள்வி. அதை இங்கே தீர்க்க நான் முற்படவில்லை. ஊழைப் பேச ஒரு நேரம் உண்டா, அந்த நேரம் எது என்பது அதைவிடச் சிறிய கேள்வி. அதற்கு விடை காண வட்டகொடையைச் சுற்றியுள்ள மலைகளின் வரலாறே போதும்.

கோப்பியிலிருந்து தொடங்கலாம். 1870களின் பிற்பகுதியில் இலங்கையில் இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேல் கோப்பி நின்றது. அந்தச் செழிப்பை நம்பித்தான் மலைக்குப் புகையிரதப் பாதை போடப்பட்டது. பாதை 1884இல் அட்டனை அடைந்தது. மறு ஆண்டு தலவாக்கலை, வட்டகொடை வழியாக நானுஓயாவுக்கு ஏறியது. ஆனால் பாதை வந்து சேர்ந்தபோது ஏற்றுவதற்கு முன்போல் கோப்பி இல்லை. 1869இல் முதன்முதலாகக் காணப்பட்ட இலைத்துரு நோய் பதினைந்தே ஆண்டுகளில் தோட்டங்களைத் தின்று தீர்த்திருந்தது. பூஞ்சணத்தைவிடக் குற்றமற்ற ஊழ் வேறு என்ன இருக்க முடியும் என்று தோன்றும். ஆனால் நோயை ஆராய 1880இல் இங்கு அனுப்பப்பட்ட ஹரி மார்ஷல் வார்ட் கண்டது வேறு. காட்டை மலை மலையாக வெட்டித் தள்ளிவிட்டு, காற்றுத் தடுப்புக்கு ஒரு வரிசை மரம்கூட விடாமல், ஒரே பயிரை நெருக்கி நட்டதால்தான் வித்துகள் காற்றேறி ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்குத் தடையின்றிப் பரவின. பூஞ்சணம் தானாக வந்திருக்கலாம். அதற்குப் பந்தி விரித்தவர்கள் மனிதர்கள்.

அதே 1884இல் இன்னொரு காரியம் நடந்தது. கோப்பித் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி மே மாதம் கதவை அடைத்தது. அதன் நோட்டுகள் ஊர் முழுக்கப் புழங்கிக்கொண்டிருந்தன. அவை வெற்றுத் தாளாகியிருந்தால் வணிகம் ஒரே நாளில் நின்றிருக்கும். ஆளுநர் ஆர்தர் கோர்டன் அந்த நோட்டுகளுக்கு அரசின் உத்தரவாதம் கொடுத்தார். அந்த நெருக்கடியை ஒட்டியே அரசு தானே நோட்டு அச்சிடும் முறையும் வந்தது. சரியான முடிவுதான், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் வீழ்ச்சி யார் தலையில் விழ வேண்டும், யார் தலையில் விழக் கூடாது என்பது ஒரு மனிதரின் கையெழுத்தால் தீர்மானிக்கப்பட்டது என்பதை மறக்க வேண்டாம். முறிந்துபோன தோட்டங்களில் மாதக்கணக்கில் சம்பளம் கிடைக்காமல் நின்றவர்களுக்காகவும் அதே ஆண்டு ஒரு கட்டளைச் சட்டம் வந்தது: தோட்டத்தின்மீது உள்ள கடன்களில் தொழிலாளரின் சம்பளப் பாக்கியே முதலில் தீர்க்கப்பட வேண்டும் என்றது. அடமானக்காரனுக்கு முன்னால் கூலிக்காரன். விதி என்று விட்டிருந்தால் இந்த வரிசை மாறியிருக்காது. முறையீடு இருந்ததால் மாறியது.

அடுத்த சுற்று தேயிலையின் சுற்று. முதல் உலகப் போருக்குப் பிந்திய சறுக்கலிலிருந்து மீண்டு, 1920களின் நடுவில் தேயிலை நல்ல விலைக்குப் போனது. தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925இல் தொடங்கப்பட்டு, பின்னர் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டது அந்த மிதப்பில்தான். சமூகமும் அசைந்தது. ஒரு தொழிலாளி தோட்டம் மாற வேண்டுமானால் அவன்மீது உள்ள கடன் இவ்வளவு என்று கங்காணி எழுதிக் கொடுக்கும் 'துண்டு' வேண்டும். புதிய கங்காணி அந்தக் கடனைக் கட்டினால்தான் ஆள் பெயரலாம். இந்த முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. 1929 தொடக்கத்திலிருந்து மேல்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32. (ஒரே மலையில் ஒரே கொழுந்தைப் பறித்தும் பெண்ணுக்கு ஏன் 11 சதம் குறைவு என்பதற்கு எந்தப் பழவினையைக் காட்டினார்களோ, அந்த வேறுபாடு 1984 வரை நீடித்தது.) துண்டைப் பற்றி ஒரு சொல் இங்கே அவசியம். கடனோடு பிறந்து, கடனைத் தீர்க்க உழைத்து, தீராத கடனைக் குடும்பத்தின் தலையில் வைத்துவிட்டுப் போவது என்ற வாழ்க்கை, வினைக்கொள்கை வரைந்து காட்டும் வாழ்க்கையைப் போலவே இருந்தது. சித்திரகுப்தனின் ஏட்டுக்கும் கங்காணியின் கணக்குக்கும் இடையே வேறுபாடு தெரியாமல் போனதில் வியப்பில்லை. ஆனால் கங்காணியின் கணக்கு ஒரு கட்டளைச் சட்டத்தின் முன் கிழிந்தது. தெய்வத்தின் கணக்கு அப்படிக் கிழியாது என்பது ஒன்றே, இரண்டும் வெவ்வேறு என்பதற்குப் போதிய சான்று.

பிறகு 1929 வந்தது. நியூயோர்க் பங்குச் சந்தையின் சரிவு தேயிலை ஏலத்தையும் எட்டியது, விலை விழுந்தது. 1931 முதல் மலையில் கூலி படிப்படியாக வெட்டப்பட்டது. அரிசி மலிந்துவிட்டதே என்று அதற்குக் காரணம் சொன்னார்கள். தமிழ்நாட்டிலிருந்து வருவோரைவிடத் திரும்பிப் போவோர் கூடினர். டொனமூர் அரசியலமைப்பின் கீழ் முதல் தொழில் அமைச்சராக 1931இல் பதவியேற்றவர் அட்டன் தொகுதியின் பெரி சுந்தரம். கூலி வெட்டப்பட்டது அவர் காலத்தில்தான் என்பது வரலாற்றின் கசப்பான முரண்களில் ஒன்று. அதே 1931இல் கோ. நடேசய்யர் இந்தியத் தோட்டத் தொழிலாளருக்கான சம்மேளனத்தைத் தொடங்கினார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாட்டாகவே பாடி நியாயம் கேட்டார். ஆனால் தோட்டம் தனியார் நிலம். வெளியார் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் வந்தால் அத்துமீறல். நடேசய்யர் புடவை வியாபாரிபோல வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் நுழைந்தார் என்று மலையகத்தில் சொல்வார்கள். வழக்குரைக்க வந்தவரே ஒளிந்து வர வேண்டிய இடத்தில் வழக்குரை காதை எங்கிருந்து நடக்கும்? காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் அறிவிப்பு மட்டும் நடந்தது. கேள்வி கேட்டவனுக்கு 'அரைப்பேர்' என்ற அரை நாள் சம்பளம், கேட்காதவனுக்குத் தலையெழுத்து.

சரிவு தொடங்கிய நாட்டில் என்ன நடந்தது என்பதை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். அமெரிக்கர்களுக்கு வினைக்கொள்கை இல்லை என்று நாம் நினைக்கலாம். அவர்களுக்கும் ஒன்று இருந்தது. செல்வம் கடவுளின் அருளுக்கு அடையாளம் என்ற எண்ணம் அங்கே சீர்திருத்தக் கிறிஸ்தவத்தின் வழியாக ஊறியது என்பதை மக்ஸ் வேபர் 1905 வாக்கிலேயே எழுதியிருந்தார். 1925இல் புரூஸ் பார்ட்டன் என்ற விளம்பர நிறுவனக்காரர் இயேசுவைத் திறமையான வணிக நிர்வாகியாகச் சித்திரித்து எழுதிய நூல் பெருவாரியாக விற்றது. செழிப்பு அருளென்றால் வறுமை என்ன? 1929 செப்டம்பரில் 381 புள்ளிகளில் நின்ற டவ் ஜோன்ஸ் சுட்டெண் 1932 ஜூலையில் 41க்கு இறங்கி, உழைக்கும் நால்வரில் ஒருவர் வேலையின்றி நின்றபோது, அந்தத் தர்க்கம் திரும்பி வந்து கடித்தது. வேலை இழந்தவர்கள் சந்தையை நோவதற்கு முன் தங்களையே நொந்துகொண்டார்கள், அக்கம்பக்கத்தாருக்கு முகம் காட்டக் கூசினார்கள் என்பது அக்கால நினைவுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. நம்மவர் முற்பிறவியைக் குறை சொன்னார்கள், அவர்கள் இப்பிறவியிலேயே தங்கள் குணத்தைக் குறை சொன்னார்கள். இரண்டிலும் வங்கிக்காரர் தப்பினார். வேறுபாடு அதற்குப் பிறகு வந்தது. சிசிலியில் பிறந்து சிறுவனாகக் குடியேறிய வழக்கறிஞர் பெர்டினண்ட் பெக்கோரா, செனட் குழுவின் முன் 1933இல் பெரிய வங்கியாளர்களை ஒவ்வொருவராக நிறுத்திக் கேள்வி கேட்டார். ஜே. பி. மோர்கன் அதற்கு முந்திய இரண்டு ஆண்டுகள் வருமான வரியே கட்டவில்லை என்பது அந்த விசாரணையில்தான் நாட்டுக்குத் தெரிந்தது. வைப்பாளரின் பணத்தை வைத்துப் பங்குச் சூதாடுவதைத் தடுக்கும் வங்கிச் சட்டம் அதே ஆண்டிலும், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் சட்டம் மறு ஆண்டிலும் வந்தன. அங்கே சிலம்பு உடைந்தது. உள்ளே இருந்தது யாருடைய பரல் என்று எல்லோரும் பார்த்தார்கள்.

இதற்கு வரும் முதல் எதிர்ப்பு பொருளியல் படித்தவர்களிடமிருந்து வரும். விலை வீழ்ச்சி என்பது கோடிக்கணக்கானோரின் சிறு சிறு முடிவுகளின் கூட்டு. அதில் பாண்டியன் யார், பொற்கொல்லன் யார் என்று தேடுவது பேதைமை. சிறு தோட்ட முதலாளிகள் பலரும்தான் அழிந்தார்கள் என்பார்கள். இந்த எதிர்ப்பில் உண்மை உண்டு. விலை விழுந்ததற்கு ஒரு தனி மனிதரைக் கூண்டில் ஏற்ற முடியாது. ஆனால் விலை விழுவது வேறு, விழுந்த பாரத்தைச் சுமப்பது யார் என்பது வேறு. தேயிலைக்காரர்களே சந்தையை விதி என்று நம்பிக் கைகட்டி உட்காரவில்லை. இந்தியா, இலங்கை, டச்சுக் கிழக்கிந்தியா ஆகிய மூன்று நாடுகளின் உற்பத்தியாளர்களும் கூடிப் பேசி, 1933இல் சர்வதேசத் தேயிலை உடன்படிக்கை செய்து, ஏற்றுமதிக்கு வரம்பு கட்டி விலையைத் தூக்கி நிறுத்தினார்கள். முதலாளிகள் கூடினால் அது உடன்படிக்கை. தொழிலாளர் கூடினால் கலகம். தனித்து நின்றால் மட்டும் சந்தை இயற்கை விதி. கூடிப் பேசி மாற்றக்கூடிய ஒன்றை ஊழ் என்று அழைப்பது ஊழுக்கே செய்யும் அவமரியாதை.

இரண்டாவது எதிர்ப்பு நம் வீட்டுக்குள்ளிருந்து வருகிறது. அதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். ஒரு சைவர் கேட்கலாம்: பிராரத்த வினை நுகர்ந்தே தீர வேண்டியது என்பது சித்தாந்தம், துன்பத்துக்குப் புறக்காரணம் தேடிப் போவது அந்த உண்மையை மறுப்பதாகாதா? ஆகாது, சித்தாந்தத்தின் கணக்கிலேயே ஆகாது. வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று மூன்றாகப் பிரித்தவர்கள் அதைச் சும்மா பிரிக்கவில்லை. எனக்கு வரும் துன்பம் என் பிராரத்தமாகவே இருக்கட்டும். அதை எனக்குச் செய்தவனுக்கு அந்தச் செயல் புதிதாக ஏறும் ஆகாமியம். ஒரு வெட்டுக்கு இரண்டு கணக்கு. என் பக்கத்துக் கணக்கை மட்டும் வாசித்துவிட்டு எதிர்ப்பக்கத்தை மூடி வைப்பவர் சைவம் பேசவில்லை, முதலாளிக்குக் கணக்கு எழுதுகிறார். வள்ளுவரும் இந்த இடத்தில் கவனிக்கத்தக்கவர். ஊழ் என்ற அதிகாரத்தை அவர் அறத்துப்பாலின் கடைசியில், துறவறத்தையும் தாண்டி வைத்தார். அரசும் பொருளும் பேசும் பொருட்பாலுக்குள் நுழைந்ததும் ஆள்வினையுடைமை என்று இன்னொரு அதிகாரம் எழுதி, தெய்வத்தால் ஆகாவிட்டாலும் முயற்சி பயன் தரும் என்கிறார். அந்தப் பயனுக்கு அவர் தேர்ந்த சொல் 'கூலி'. மலையகத்தில் இழிசொல்லாக எறியப்பட்ட அதே சொல், வள்ளுவரிடம் தெய்வமும் தடுக்க முடியாத உரிமையாக நிற்கிறது.

அயலாரின் சமயமும் இதற்குத் துணை நிற்கிறது. மனிதன் அனுபவிக்கும் இன்ப துன்பம் எல்லாம் முன்செய்த வினையே என்று சிலர் சொல்கிறார்களே என்று மோளிய சீவகர் என்ற பரிவிராசகர் புத்தரைக் கேட்டதாகச் சம்யுத்த நிகாயத்தில் ஒரு சூத்திரம் உண்டு. பித்தம், சிலேட்டுமம், வாதம், மூன்றும் கூடுதல், பருவ மாற்றம், தவறான பராமரிப்பு, பிறரின் தாக்குதல், வினைப்பயன் என்று புத்தர் எட்டுக் காரணங்களை அடுக்குகிறார். வினை எட்டில் ஒன்று. பிறரின் தாக்குதல் இன்னொன்று. இவற்றைக் குழப்பி எல்லாவற்றையும் பழவினை என்பவர்கள், தாங்களே அறியக்கூடியதையும் உலகம் அறிந்ததையும் மீறிப் பேசுகிறார்கள் என்பது அவர் தீர்ப்பு. மலைக்குக் கீழே ஒவ்வொரு விகாரையிலும் மதிக்கப்படும் இந்த நூல், மலைக்கு மேலே நடந்த கூலி வெட்டைப் பற்றிப் பேசும்போது யாருக்கும் நினைவுக்கு வராதது வியப்பே.

மூன்றாவது எதிர்ப்பு நெஞ்சைத் தொடுவது. விதி என்ற சொல் இருந்ததால்தான் லயத்து மக்கள் நூற்றாண்டுகளைத் தாங்கினார்கள். அதையும் பிடுங்கிக்கொண்டால் அவர்களுக்கு மிஞ்சுவது என்ன? ஆறுதலை நான் மறுக்கவில்லை. மதுராபதி கண்ணகிக்குச் சொன்னதும் ஆறுதல்தான். ஆனால் நம் மக்கள் ஆறுதலை மட்டுமே வைத்திருந்தார்கள் என்பது படித்தவர்களின் கற்பனை. வட்டகொடை மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்து, 1947இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டுப் பாடல்களைப் பாருங்கள். கங்காணியும் துரையும் அவற்றில் ஆளாகவே வருகிறார்கள், பெயர் சொல்லித் திட்டு வாங்குகிறார்கள். கொழுந்துக் கூடையைச் சுமந்த பெண் எழுவாயை மறக்கவில்லை. அதை மறந்தது அறிக்கைகளும் உபதேசங்களும். மாரியம்மன் திருவிழாவிலும் இதே குணம் உண்டு. நோயோ பஞ்சமோ வந்தால் தோட்டமே திரண்டு காப்புக் கட்டுகிறது. ஒரு வீட்டாரைச் சுட்டி உன் வினை என்று ஒதுக்குவதில்லை. 1973-74இல் அரிசியும் மாவும் கிடைக்காமல் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் கூடியபோது, ஆறுதல் யாருடைய வயிற்றையும் நிரப்பவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அண்மைச் சுற்று இன்னும் ஆறவில்லை. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாயாக வர்த்தமானியில் வந்தது. அடுத்த சில வாரங்களிலேயே இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அந்த ஆண்டு சுமார் 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி மறு ஆண்டு சுமார் 25 கோடிக்கு இறங்கியது. 2022 ஏப்ரல் 12இல் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. செப்டம்பரில் உணவுப் பணவீக்கம் 95 சதவீதத்தை நெருங்கியது. ஆயிரம் ரூபாயின் கதி என்ன ஆனது என்பதை ஒவ்வொரு லயத்து அடுப்பும் அறியும். அப்போதும் கிரகநிலை பேசினார்கள், கொரோனாவைச் சொன்னார்கள், உக்ரைனைச் சொன்னார்கள். ஆனால் 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷவும் அவர் சகோதரர்கள் மஹிந்தவும் பசிலும் வேறு சில உயர் அதிகாரிகளும் பொருளாதாரத்தைக் கையாண்ட விதத்தால் மக்களின் அடிப்படை உரிமையை மீறினார்கள் என்று தீர்ப்பளித்தது. வீழ்ச்சிக்கு எழுவாய் கிடைத்தது. தீர்ப்பால் தோட்டத்தில் ஒருவருக்கும் ஒரு சதம் கிடைக்கவில்லை என்பது உண்மை. மனுதாரர்களுக்கு வழக்குச் செலவு மட்டும் கிடைத்தது. கண்ணகிக்கும் கோவலன் அந்த அவையில் திரும்பக் கிடைக்கவில்லை.

மாசியிலும் பங்குனியிலும் மலையகத் தோட்டங்களில் காமன் கூத்து ஆடுகிறார்கள். சிவனின் தவத்தைக் கலைத்த காமன் எரிந்து சாம்பலாவது அதன் நடுக்கட்டம். செய்த வினைக்கு உரிய பயன் என்று கதையை அங்கேயே முடித்திருக்கலாம். சுடுவதற்குக் காரணமும் இருந்தது, சுட்டவரோ சிவன். ஆனால் கூத்து அங்கே முடிவதில்லை. ரதி எழுந்து அழுகிறாள், ஏசுகிறாள், நியாயம் கேட்கிறாள். தப்பு அடிப்பவர்கள் அதுவரை கலைவதில்லை. அவள் கேட்டு ஓய்ந்த பிறகுதான் காமன் எழுப்பப்படுகிறான்.